‘குடும்பத்திலேயே இருக்கு’ என்று விட்டுவிடலாமா?

“நம்ம ஆளுங்களுக்கு இனிப்புநீர் வரத்தான் செய்யும். குடும்பத்திலேயே இருக்கு.” திருமண விருந்துகளில் இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். என் பாட்டிக்கு நீரிழிவு இருந்தது. ஆறாத புண்ணால் கால் விரல் ஒன்றை அகற்ற நேர்ந்தது. அப்பாவுக்கு 48 வயதில் வந்தது. அடுத்தது நான்தானா?

சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு விகிதம் தேசிய சராசரியைவிட அதிகம் என்பது உண்மை. உடல் எடைக் குறியீடு ஒன்றாக இருந்தாலும், தெற்காசியர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கும் போக்கு உண்டு. அந்தக் குறியீடு 23ஐ எட்டினாலே ஆபத்து கூடுவதாக இங்குக் கருதப்படுகிறது.

ஆனால், மரபணுக்கள் இரண்டு மூன்று தலைமுறைகளில் பெரிதாக மாறிவிடுவதில்லை. வேகமாக மாறியது நாம் வாழும் விதம். சாப்பிட்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலினின் உதவியுடன் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. தசைகளுக்கு வேலை கொடுக்காவிட்டால் இன்சுலின் சரியாகச் செயல்படாது. தூக்கம் குறைந்தாலும் அதே நிலைதான். தேர்வுக் காலத்தில் பபிள் டீயுடன் இரவெல்லாம் உட்கார்ந்து படிக்கும் நாம், இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் செய்கிறோம்.

இதை மாற்ற மனவுறுதி மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நம் கடைகளிலேயே சான்று உண்டு. 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. 2022 டிசம்பர் 30 முதல் போத்தல், டின் பானங்களுக்கு ‘நியூட்ரி-கிரேட்’ முறை நடப்புக்கு வந்தது. ஓராண்டு கழித்து, கடைகளில் உடனுக்குடன் தயாரிக்கப்படும் பானங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்குமேல் சர்க்கரை இருந்தால் ‘டி’ தரம். அத்தகைய பானத்தை 500 மில்லிலிட்டர் குடித்தால், 10 தேக்கரண்டிக்குமேல் சர்க்கரை உள்ளே போகிறது.

இந்த முறை வரப்போகிறது என்றதுமே நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைக்கத் தொடங்கின. போத்தல், டின் பானங்களின் இடைநிலை சர்க்கரை அளவு 2017ல் 7.1 விழுக்காடாக இருந்தது, 2023ல் 4.6 விழுக்காடானது. நம்மிடம் யாரும் மனவுறுதி கேட்காமலேயே நடந்த மாற்றம் இது.

நம் கைக்கு எட்டும் சூழலும் உண்டு. காப்பிக் கடையில் ‘தே ஓ கொசோங்’ கேட்கலாம். மதிய உணவுக்குப்பின் பத்து நிமிடம் நடந்துவிட்டு வகுப்புக்குப் போகலாம். கல்லூரித் தமிழ் மன்றக் கூட்டங்களில் என்ன பானம் வாங்குவது என்பதை முடிவுசெய்வதும் நாம்தானே? மேசையில் தண்ணீர் இருந்தால் பலரும் தண்ணீரையே எடுப்பார்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் நீரிழிவு வந்தது என்று இந்த வாரமே வீட்டில் கேளுங்கள். முன்கூட்டியே தெரிந்துகொண்டால், பழக்கத்தை மாற்றவும் மருத்துவரிடம் பரிசோதனை பற்றிக் கேட்கவும் நமக்குக் காலம் இருக்கிறது. பாட்டி காலத்தில் பலருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.