பழி இடம்மாறிய வரலாறு: டிராகன் ஏஜ் எல்ஃப்கள் இழந்த சாகாமை

கற்பனை உலகங்களைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டுகளில் எல்ஃப் எனப்படும் இனத்தவர் பெரும்பாலும் மனிதரை ஒத்த உருவமும் கூரிய செவிகளும் வனத்தோடும் மந்திர ஆற்றலோடும் நெருங்கிய உறவும் உடையவர்களாகக் காட்டப்படுகின்றனர். வட ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கைகளில் வேர்கொண்ட இவ்வினத்துக்கு இன்றைய தோற்றத்தையும் பெருமிதத்தையும் அளித்தவர் ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். 1954-55இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலிலும், அவர் மறைவுக்குப் பின் 1977இல் அச்சான ‘தி சில்மரில்லியன்’ நூலிலும் எல்ஃப்களுக்கு மூப்பினாலோ நோயினாலோ சாவு வருவதில்லை. போரில் கொல்லப்பட்டாலும் அவர்களின் உயிர் உலகம் உள்ளவரை உலகத்தோடே பிணைந்திருக்கிறது. லூத்தியன், ஆர்வென் ஆகிய இரு பெண்கள் மனிதரை மணந்து சாகும் தன்மையை ஏற்றுக்கொள்கின்றனர் என்றாலும், அது தனியொருவர் செய்துகொண்ட தேர்வே ஒழிய இனம் முழுவதற்கும் நேர்ந்த இழப்பு அன்று.

இனம் முழுவதும் ஒருகாலத்தில் சாகாமை பெற்றிருந்து பின்னர் அதைப் பறிகொடுத்தது என்னும் கதைப்போக்கு விளையாட்டுகளில் செழித்து வளர்ந்ததற்குத் தொழில்சார்ந்த காரணம் ஒன்று உண்டு. நாவலாசிரியர் எல்ஃப் ஒருவரை எட்டாத உயரத்தில் நிறுத்திவைக்கலாம். விளையாட்டிலோ விளையாடுபவரே எல்ஃபாக மாறி, மனிதரோடும் குள்ளரோடும் ஒரே அணியில் நின்று, ஒரே வாளால் வெட்டுண்டு சாக வேண்டியிருக்கிறது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு இச்சிக்கலுக்கு நீண்ட ஆயுள் என்ற நடுவழியைக் கண்டது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிநூல் எல்ஃப்களுக்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வாழ்நாளைத் தருகிறது. கணினி விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் சிலர் வேறு வழியை நாடினர். சாகாமையைப் பழங்காலத்தில் வைத்துவிட்டு, அதன் இழப்பையே அவ்வினத்தின் வரலாறாக ஆக்கினர்.

இவ்வகையில் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு பிளிசார்டு நிறுவனத்தின் ‘வார்கிராஃப்ட்’ தொடரில் வரும் இரவு எல்ஃப்கள். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அரக்கப் படையொன்றை எதிர்த்து நடந்த போரின் முடிவில் ஹைஜால் மலைமீது நோர்ட்ராசில் என்னும் உலகமரம் நடப்பட்டதாகவும், அம்மரம் நிற்கும் வரை இரவு எல்ஃப்களை மூப்பும் பிணியும் அணுகா என்னும் வரத்தைக் காலத்துக்கு அதிபதியான நோஸ்டோர்மு என்னும் டிராகன் வழங்கியதாகவும் அக்கதை கூறுகிறது. 2002இல் வெளியான ‘வார்கிராஃப்ட் 3’இன் இறுதிக் கட்டத்தில், அரக்கத் தலைவன் ஆர்க்கிமாண்டை அழிப்பதற்காக இரவு எல்ஃபான மால்ஃபூரியன் தன் இனத்து முன்னோரின் ஆவிகளை அழைத்து அம்மரத்தடியிலேயே வெடிக்கச் செய்ய, மரம் கருகுகிறது, அதோடு வரமும் தீர்கிறது. இங்கே இழப்பின் காரணம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது, விலை அறிந்தே கொடுக்கப்படுகிறது, அதைத் திரையில் கண்ணால் காணவும் முடிகிறது. இரண்டே ஆண்டுகளில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இணைய விளையாட்டில் இரவு எல்ஃப்கள் மற்ற இனங்களுக்குச் சமமான பாத்திரங்களாக இறங்குவதற்கு இம்முடிவு வழி செய்துகொடுத்தது. இழந்ததை மீட்கும் ஆசையில் ஃபாண்ட்ரல் என்பவன் டிராகன்களின் ஆசி இல்லாமல் நட்ட டெல்ட்ராசில் என்னும் இரண்டாம் மரம் சாகாமையைத் தராமல் நஞ்சேறியதும், 2018ஆம் ஆண்டுக் கதைப்பகுதியில் அது மக்களோடு தீக்கிரையானதும் சுவையான பகுதிகளே; ஆயினும் அவை வரம் தீர்ந்த பின்னான விளைவுகளைச் சொல்கின்றனவே தவிர, இழப்புக்கு யார் காரணம் என்ற கேள்வி எதையும் எழுப்புவதில்லை.

அக்கேள்வியை எழுப்பியது கனடாவின் பயோவேர் நிறுவனம் 2009இல் தொடங்கிய ‘டிராகன் ஏஜ்’ தொடர். இதன் களமான தெடாஸ் என்னும் நிலப்பரப்பில் எல்ஃப்கள் மனிதரைப் போலவே மூத்துச் சாகின்றனர். பெருமிதத்துக்குரிய எதுவும் அவர்களிடம் எஞ்சவில்லை. ஒரு பகுதியினர் மனிதர் நகரங்களில் ஏலியனேஜ் எனப்படும் மதில் சூழ்ந்த சேரிகளில் ஏவலாட்களாக வாழ, டேலிஷ் எனப்படும் மற்றொரு பகுதியினர் ஹல்லா என்னும் மான்போன்ற விலங்குகள் இழுக்கும் வண்டிகளில் காடுகாடாக அலைகின்றனர். முதல் விளையாட்டான ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ விளையாடுபவருக்குத் தரும் ஆறு தொடக்கக் கதைகளில் இரண்டு இவ்விரு பிரிவினருக்கும் உரியவை.

இத்தொடர் தன் வரலாற்றைச் சொல்லும் முறையை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. விளையாட்டின் போக்கில் கிடைக்கும் ஏடுகளும் கல்வெட்டுகளும் வாய்மொழிச் செய்திகளும் கோடெக்ஸ் எனப்படும் குறிப்பேட்டில் சேர்கின்றன. அவற்றுள் பல, அவ்வுலகத்துக்குள்ளேயே வாழும் யாரோ ஒருவரின் கூற்றாக அமைந்திருக்கின்றன. மனிதரின் திருச்சபையான சான்ட்ரியைச் சேர்ந்த ஜெனிட்டிவி என்னும் அறிஞர் ஒன்றை எழுதியிருப்பார். டேலிஷ் குலமொன்றின் மரபுக்காவலரான கிஷாரெல் வேறொன்றைச் சொல்லியிருப்பார். உண்மை இதுதான் என்று முத்திரையிடும் கதைசொல்லியின் குரல் அங்கே கேட்பதில்லை. சாகாமை பற்றிய செய்தியும் இப்படித்தான், தோற்ற தரப்பின் நினைவாக முதலில் வந்து சேர்கிறது.

டேலிஷ் மரபு சொல்வது இது. பண்டைக்காலத்தில் எல்வெனான் என்னும் பேரரசு இருந்தது. ஆர்லத்தான் அதன் தலைநகர். அங்கே எவருக்கும் முதுமை இல்லை. வாழ்ந்து சலித்தவர்கள் உத்தெனேரா என்னும் நெடுந்துயிலில் ஆழ்ந்து, கனவுலகில் உலவி, சிலர் திரும்பி வந்தனர், சிலர் வரவில்லை. பின்னர் மனிதர் வந்தனர். அவர்களோடு பழகிய எல்ஃப்கள் முதன்முறையாக நோய்வாய்ப்பட்டனர், மூத்தனர், மாண்டனர். இம்மாற்றத்தை விரைவுறுதல் என்று மரபு குறிக்கிறது. மனிதரை டேலிஷ் மக்கள் ஷெம்லன், அதாவது விரைந்து வாழும் பிள்ளைகள், என்று அழைப்பதும் இந்நினைவின் தொடர்ச்சியே. தொற்றுக்கு அஞ்சிய எல்ஃப்கள் ஆர்லத்தானுக்குள் ஒடுங்கிக்கொள்ள, மனிதரின் டெவிண்டர் பேரரசைச் சேர்ந்த மந்திரவாதிகள் படையெடுத்து அந்நகரையே மண்ணுக்குள் அமிழ்த்தினர், எஞ்சியோர் அடிமைகளாயினர். ஆண்ட்ராஸ்டே என்னும் தீர்க்கதரிசியின் கிளர்ச்சியில் துணைநின்றதற்காகப் பின்னாளில் டேல்ஸ் என்னும் நிலம் எல்ஃப்களுக்குக் கிடைத்தது. அதையும் சான்ட்ரியின் பெயரால் நடத்தப்பட்ட புனிதப் போரொன்று பறித்துக்கொண்டது.

இக்கதை நம்பத்தக்கதாக இருப்பதற்கு, அதன் பிற்பகுதி பெரும்பாலும் உண்மையாக இருப்பதே காரணம். அடிமைத்தனமும் நிலப்பறிப்பும் ஏலியனேஜும் கண்முன்னே நிற்கும்போது, சாகாமையையும் மனிதரே கெடுத்தனர் என்பது இயல்பான நீட்சியாகவே தோன்றுகிறது. மேலும், இந்நம்பிக்கை நடைமுறையிலும் வேலை செய்கிறது: எல்ஃபுக்கும் மனிதருக்கும் பிறக்கும் குழந்தை இவ்வுலகில் மனித உருவிலேயே பிறப்பதால், கலப்பைத் தவிர்த்துக் குலம் ஒதுங்கி வாழ வேண்டும் என்ற டேலிஷ் கட்டுப்பாட்டுக்கு மரபுக்கதை அடித்தளம் இடுகிறது. மனிதரிடமிருந்து நெடுங்காலம் விலகியிருந்தால் சாகாமை என்றேனும் திரும்பும் என்ற ஏக்கமும் அதற்குள் மறைந்திருக்கிறது.

2014இல் வந்த ‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ இந்த அடித்தளத்தை அசைத்தது. ஆர்பர் வனத்தில் மித்தால் என்னும் தெய்வத்தின் கோயிலை அடையும்போது, நெடுந்துயிலில் இருந்து எழுந்து காவல்புரியும் பண்டைய எல்ஃப்கள் அங்கே இன்னும் உயிரோடு இருப்பது தெரியவருகிறது. அவர்களின் தலைவன் அபெலாஸ், ஆர்லத்தானை மனிதர் வீழ்த்தவில்லை என்றும், எல்ஃப்கள் தமக்குள்ளேயே போரிட்டு அழிந்தனர் என்றும், டெவிண்டர் வந்தபோது இடிபாடுகளில் எஞ்சியதைத்தான் கைப்பற்றியது என்றும் சொல்கிறான். டேலிஷ் இளைஞர் பருவமெய்தியதற்கு அடையாளமாக, தெய்வங்களைப் போற்றி முகத்தில் பொறித்துக்கொள்ளும் வல்லாஸ்லின் என்னும் பச்சைக்குத்து, உண்மையில் பண்டைய பிரபுக்கள் தம் அடிமைகளுக்கு இட்ட சூட்டுக்குறி என்னும் செய்தியும் இதே விளையாட்டில் வெளிப்படுகிறது. தொடர் முழுவதிலும் மிகக் கொடிய வரி இதுவென்று கொள்ளலாம். ஏனெனில், விளையாடுபவர் டேலிஷ் பாத்திரத்தைத் தேர்ந்திருந்தால் அக்குறியைத் தன் பாத்திரத்தின் முகத்தில் தானே ஆசையோடு தேர்ந்து பதித்திருப்பார்.

முழு விளக்கம் 2015இல் வெளியான ‘டிரெஸ்பாசர்’ என்னும் துணைக்கதையில் கிடைக்கிறது. அதைத் தருபவர் சோலஸ். முந்தைய கதையில் நாடோடி மந்திரவாதியாக உடன் பயணித்த அவரே, டேலிஷ் மரபு தெய்வங்களை ஏமாற்றிச் சிறையிட்ட துரோகியாகச் சபிக்கும் ஃபென்ஹாரெல் என்னும் கொடும் ஓநாய். அவர் கூற்றுப்படி, டேலிஷ் வணங்கும் தெய்வங்கள் தெய்வங்களே அல்லர். போர்த்தலைவர்களாகத் தொடங்கி, அரசர்களாகி, இறுதியில் வழிபாடு கோரிய மாபெரும் மந்திரவாதிகள். எவனூரிஸ் எனப்பட்ட அவர்கள் தம்முள் ஒருத்தியான மித்தாலையே கொன்றபோது, அவர்களைச் சிறைப்படுத்துவதற்காகச் சோலஸ் உலகத்தை இரண்டாகப் பிரிக்கும் திரை ஒன்றை எழுப்பினார். அத்திரைக்கு ஒரு பக்கம் விழிப்புநிலை உலகம். மறுபக்கம் ஃபேட் என்னும் ஆவியுலகம், கனவுகளுக்கும் மந்திரத்துக்கும் ஊற்றுக்கண். திரைக்கு முன் இவ்விரண்டும் காற்றும் மண்ணும் போல ஒன்றாகவே கலந்திருந்தன. எல்வெனானின் நகரங்களும் நூலகங்களும் அக்கலப்பின் மீதே கட்டப்பட்டிருந்தன. எல்ஃப்களின் சாகாமையும் அதிலிருந்தே ஊறியது. திரை விழுந்ததும் கட்டடங்கள் நொறுங்கின, மக்கள் மூப்படையத் தொடங்கினர். அடிமைகளை விடுவிக்கப் போராடியவரே அவர்களைச் சாகும் இனமாக்கினார்.

வார்கிராஃப்ட் கதையோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். மால்ஃபூரியன் செய்ததும் சோலஸ் செய்ததும் ஒரே வகைச் செயல்தான்: பெரிய தீமையைத் தடுக்க இனத்தின் சாகாமை விலையாகிறது. ஆனால் முன்னது மக்கள் அறிந்த தியாகமாக நினைவில் நின்றது; பின்னதை மக்கள் அறியவே இல்லை. அறியாத இடத்தை வேறொரு கதை நிரப்பிக்கொண்டது, அக்கதையில் விடுவித்தவன் துரோகியாகவும் ஒடுக்கியோர் இழந்த தெய்வங்களாகவும் மாறினர். சாகாமையை இழந்ததால் பழையதைக் கண்ணால் கண்டவர் எவரும் மக்களிடையே மிஞ்சவில்லை. சாவு வந்தபோது சாட்சிகளும் போயினர், அதனாலேயே சாவு வந்த காரணமும் மறைந்தது. இந்த வட்டத்தை விளையாட்டு எங்கும் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்பது அதன் எழுத்தாளர்களின் தேர்ச்சிக்குச் சான்று.

சோலஸின் சொல்லும் ஒரு தரப்பின் சொல்லே என்பதை மறக்கலாகாது. திரையைக் கிழித்துப் பழைய உலகை மீட்பதே அவர் நோக்கம். அப்படிச் செய்தால் இன்றைய உலகம், இன்றைய எல்ஃப்கள் உட்பட, பேரழிவுக்கு உள்ளாகும். இன்றைய எல்ஃப்களை அவர் தொடக்கத்தில் தம் மக்களாகவே கருதுவதில்லை. இருந்தும் நகரத்து எல்ஃப்கள் பலர் கூட்டங்கூட்டமாக அவர்பின் சேர்கின்றனர். என்றோ வரக்கூடிய சாகாமையை நம்பியல்ல, ஏலியனேஜின் இன்றைய வாழ்க்கையை வெறுத்தே அவர்கள் சென்றிருப்பர் என ஊகிக்க இடமிருக்கிறது.

2024 அக்டோபரில் வெளியான ‘டிராகன் ஏஜ்: தி வேல்கார்ட்’ மேலும் ஓர் அடுக்கைத் தோண்டியது. முதல் எல்ஃப்கள் உடலற்ற ஆவிகளாக இருந்து, லிரியம் என்னும் கனிமத்தைக் கொண்டு தமக்கு உடல் சமைத்துக்கொண்டவர்கள் என்று அது கூறுகிறது. லிரியமோ மலையளவு பெரிய டைட்டன்கள் என்னும் உயிர்களின் குருதி. இதனால் மூண்ட போரில் டைட்டன்களின் கனவுகளை அவற்றிடமிருந்து வெட்டிப் பிரித்த கத்தியைச் செய்தவரும் சோலஸே. வெட்டுண்டு பித்தேறிய அக்கனவுகளே பிற்காலத்தில் உலகை வாட்டிய பிளைட் என்னும் கொள்ளைநோயாயின. டைட்டன்களின் பிள்ளைகளான குள்ளர் கனவு காணாத இனமாக இருப்பது ஏன் என்று முதல் விளையாட்டு விளக்காமல் விட்ட புதிருக்கும் இங்கே விடை கிடைக்கிறது. ஆகவே எல்ஃப்களின் சாகாமை அவர்களின் பிறப்புரிமையாகவும் இல்லாமல், வேறோர் இனத்தின் உடலிலிருந்து எடுத்ததன்மேல் நின்ற ஒன்றாகிவிடுகிறது. மனிதரைச் சுட்டிய பழி, எல்ஃப் பிரபுக்களிடமும், பின் விடுதலை வீரனிடமும் சென்று, முடிவில் அவ்வினத்தின் தோற்றத்திடமே வந்து நின்றது.

பதினைந்து ஆண்டுகளில் இவ்வளவு தொலைவு வந்த தொடர், கடைசிக் கட்டத்தில் ஒரு குறையோடு நிற்கிறது. ஆர்லத்தான் காட்டில் பண்டைக் கருவிகளை ஆராயும் பெல்லாரா, டேலிஷ் குலத்தில் பிறந்து அதிலிருந்து விலகிய டாவ்ரின் ஆகிய இரு எல்ஃப் தோழர்கள் வாயிலாகத் தெய்வங்கள் கொடுங்கோலர் என்னும் அதிர்ச்சி ஓரளவு பேசப்படுகிறது; ஆயினும் சிறையிலிருந்து தப்பிய எல்கர்னான், கிலன்னைன் என்னும் இரு எவனூரிஸ்களோடு நடக்கும் போரே பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. முதல் விளையாட்டின் தொடக்கக் கதைகளில் ஒன்றுக்குரிய ஏலியனேஜ் மக்கள் இச்செய்தியை எப்படி ஏற்றனர், மரபுக்காவலர்கள் குழந்தைகளுக்கு இனி எந்தக் கதையைச் சொல்வர் என்பவை தொடப்படவே இல்லை. எந்த முடிவைத் தேர்ந்தாலும் சோலஸின் உயிர் திரையோடு பிணைக்கப்படுகிறது, திரை நிற்கிறது, எல்ஃப்கள் தொடர்ந்து மூத்துச் சாகின்றனர்.