தோடா மொழியின் ஒலியமைப்பும் தமிழ் எழுத்தும்

நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளில் எருமை வளர்ப்பையும் பால்மனைச் சடங்குகளையும் நடுவாகக் கொண்டு வாழ்பவர் தோடர். தமிழில் தொதவர் என்றும் வழங்கப்பெறும் இவர்களின் தொகை ஏறத்தாழ 2,000. இவர்தம் மொழி தென்திராவிட மொழிகளுள் ஒன்று. 1930-களில் நீலகிரியில் களப்பணி செய்த எமனோ, இதன் இலக்கணத்தையும் பனுவல்களையும் 1984-இல் நூலாக வெளியிட்டார். மரபான எழுத்துமுறை இல்லாத இம்மொழியைத் தமிழ் எழுத்தால் எழுத முற்பட்டால் எவ்வொலி வேறுபாடுகள் காக்கப்படும், எவை மறையும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் உயிரொலிகள். தமிழில் ஐந்து குறிலும் அவற்றின் நெடிலும் உள்ளன. தோடாவில் எட்டுக் குறில், எட்டு நெடில் என 16 உயிர்கள் உள்ளன. இகர, எகரங்களை இதழ் குவித்து ஒலிப்பதால் பிறக்கும் உயிர்கள் இவற்றுள் அடங்கும். இவற்றைக் குறிக்கத் தமிழில் தனி எழுத்துகள் இல்லை.

மெய்யொலிகளில் வேறுபாடு இன்னும் மிகுதி. தமிழ்ச் சொற்களோடு ஒப்பிட்டால் இதன் காரணத்தின் ஒரு பகுதி விளங்கும். தமிழ்க் 'காசு' தோடாவில் 'கோஸ்' என்றும், 'பால்' 'போஸ்' என்றும் அமைகின்றன. நெடில் ஆகாரம் ஓகாரமாயிற்று. காசு என்பதன் ஈற்றுயிர் மறைந்தது. பால் என்பதன் லகரம் உரசொலியாயிற்று. ஈற்றுயிர் நீங்கிச் சொல் குறுகும்போது, சொற்களை வேறுபடுத்தும் பொறுப்பு பெரிதும் மெய்களைச் சார்கிறது.

மேற்கண்ட இரு சொற்களிலும் ஈற்றொலி ஒன்றன்று. காசு என்னும் பொருளுடைய சொல்லில் நாவின் முன்பரப்பு பல்லை அடுத்து உரசுகிறது. பால் என்னும் பொருளுடைய சொல்லில் நுனிநா சற்றுப் பின்னே உரசுகிறது. 'போ' என்னும் அதே தொடக்கத்தோடு அண்ணத்தை ஒட்டிய உரசொலி சேர்ந்தால் 'மொழி' என்பது பொருள். நாவளை உரசொலி சேர்ந்தால் அது ஒரு சிறப்புப்பெயர். ஆகவே நான்கு உரசொலிகளும் நான்கு தனி ஒலியன்கள். லகர ளகரங்களுக்கும் குரலிலா இணைகள் உண்டு.

இம்மொழியின் தனிச்சிறப்பு ரகர இனத்தில் உள்ளது. 'கர்' என்று நாம் ஒரே வகையாக எழுதக்கூடிய சொல், துணியின் கரை, சாறு, கன்றுப் பட்டி என மூன்று பொருள் தரும். முதற்பொருளில் நுனிநா பல்லை நோக்கி முன்சென்று அதிர்கிறது. இரண்டாவதில் பல்லடியில் அதிர்கிறது. மூன்றாவதில் பின்வளைந்து அதிர்கிறது. ஸ்பாஜிச், லடபோகெட், பாஸ்கரராவ் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இம்மூன்றையும் கருவிவழி ஆராய்ந்தது. மூன்றும் அண்ணச்சாயல் பெற்றும் வருவதால் இவ்வினம் ஆறாகிறது. இத்தகைய அமைப்பு உலக மொழிகளில் மிக அரிது.

தமிழர் பலர் பேச்சில் ரகர றகர வேறுபாடு மறைந்து, எழுத்தில் மட்டும் நிற்கிறது. தோடர் நாவில் அஃது உயிரோடுள்ளது. 'துணிக்கரை' என்னும் பொருளில் முன்னொலியும், 'ஆறு' என்னும் எண்ணுப்பெயரில் பல்லடியொலியும் வருகின்றன. எனவே ரகரத்தை முன்னொலிக்கும், றகரத்தைப் பல்லடியொலிக்கும் கொள்வது பொருத்தமாகும். மூன்றாவதற்கு ரகரத்தின் கீழ்ப் புள்ளியிடலாம். உரசொலிகளில் காசு, மொழி, நாவளையொலி ஆகியவற்றிற்கு முறையே ஸ, ஶ, ஷ என்பனவற்றைக் கொண்டு, பாலைக் குறிக்கும் சொல்லின் ஒலிக்கு ஸகரத்தின் கீழ்க் கோடிடலாம்.

இக்குறிகள் சிறியனவே எனினும் தேவையானவை. இவற்றைத் தவிர்த்து எழுதினால், எருமைக் கன்றின் பட்டியும் துணியின் கரையும் ஏட்டில் ஒன்றாகிவிடும். எழுத்தின் வழியே தன் மொழியைக் கற்கும் குழந்தைக்கு, எழுத்தில் இல்லாத வேறுபாடு பிழையாகத் தோன்றக்கூடும். ஆகவே எழுத்தாக்கத்தில் ஈடுபடுவோர் முதலில் தோடர் செவியையே அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.