பிள்ளைத் துணி வேறு, காட்டுத் துணி வேறு

பிள்ளையைத் துணியில் கட்டிச் சுமப்பதை நம் தோட்டத்துத் தாய்மார்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியும் முன்னே பெரட்டுக்குப் போக வேண்டியிருந்த அந்தக் காலத்தில், நம் பாட்டிமார் கைக்குழந்தையைப் பழைய சேலையில் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு லயத்திலிருந்து ஆயாக் கொட்டகைக்கு நடந்தார்கள். பிள்ளையை ஆயாவிடம் இறக்கிவிட்டு, அதே சேலைத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பால் வெட்டப் போனவர்களும் உண்டு. இன்று பட்டணத்துக் கடைகளில் அதே கட்டு 'பேபி ஸ்லிங்' என்ற பேரில் நல்ல விலைக்கு விற்கிறது. நமக்கு அது பாட்டி வீட்டுச் சொத்து.

நல்ல பழக்கம்தான். விட்டுவிட வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். வேலைக்குக் கட்டிய துணி பிள்ளையின் உடம்பில் படவே கூடாது.

ஏன் இந்தக் கண்டிப்பு?

கித்தாக் காடு குறைந்து செம்பனை பெருகிய பிறகு, மருந்தடிப்பும் உரம் போடுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலையாகிவிட்டன. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நம் கைகள் எத்தனை ஆண்டுகள் தூக்கின! 2002இல் அதை நிறுத்த முடிவானது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் நம் நாட்டில் அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. அதோடு பயம் தீர்ந்துவிட்டதா? இல்லை. வேறு களைக்கொல்லிகளும் பூச்சி மருந்துகளும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

டாங்கியைச் சுமந்த முதுகிலும், தோளிலும், தலைத் துண்டிலும் மருந்து ஊறியிருக்கும். காய்ந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் போய்விடாது. கைக்குழந்தையின் தோல் மெல்லியது, உடம்பு சிறியது. பெரியவருக்கு ஒன்றும் செய்யாத அளவு பிள்ளைக்குக் கூடுதலாகிவிடும். அதோடு, துணியில் கட்டிய பிள்ளை சும்மா இருக்குமா? வாய்க்கு எட்டிய துணியைச் சப்பிக்கொண்டுதானே கிடக்கும்!

அதனால் வேலை முடிந்து வந்ததும் இப்படிச் செய்யுங்கள்:

பிள்ளை எவ்வளவு அழுதாலும் முதலில் குழாயடி. கை, முகம், கழுத்து, தலை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிக் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். அந்த ஐந்து, பத்து நிமிடம் பாட்டியோ பெரிய பிள்ளையோ வைத்திருக்கட்டும்.

காட்டு உடுப்புக்குத் தனி வாளி. பிள்ளையின் துணியோடு சேர்த்து ஊறப் போடாதீர்கள்.

மருந்து வந்த டின்னையும் டிரம்மையும் எத்தனை தடவை கழுவினாலும், அதில் பிள்ளை குளிக்கத் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

இது அப்பாமார்களுக்கும் சேர்த்துத்தான். மருந்தடித்த சட்டையோடு வந்து, "எங்கே என் ராசா?" என்று அள்ளிக்கொள்கிறவர்கள் அவர்கள்தான்!

இன்னொரு செய்தி. முதல் பிள்ளைக்குக் கட்டிய துணிகளைப் பெட்டியில் போட்டு, நடுவே பாச்சை உருண்டை வைப்பது நம் வழக்கம். பிறக்கும் பிள்ளைகளில் சிலருக்கு ஜி6பிடி என்ற குறை இருக்கிறது. அவர்களுக்குப் பாச்சை உருண்டையின் வாடை பட்டாலே இரத்தம் உடைந்து, மஞ்சள் காமாலை கடுமையாகி, மூளை வரை பாதிக்கலாம். ஆஸ்பத்திரியில் தொப்புள் கொடி இரத்தத்தை எடுத்து இந்தக் குறையைச் சோதிக்கிறார்கள். "என் பிள்ளைக்கு ஜி6பிடி எப்படி இருக்கிறது?" என்று கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வாருங்கள். பிள்ளைத் துணி இருக்கும் பெட்டியில் அந்த உருண்டையே வேண்டாம்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

பருத்திச் சேலையோ கைலியோ போதும். நைந்து போனது வேண்டாம். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள்.

பிள்ளையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். வெயில் என்று முகத்தை மூடாதீர்கள், குடை பிடியுங்கள்.

தாடை நெஞ்சில் புதையக் கூடாது. அப்படி மடங்கினால் சத்தமில்லாமல் மூச்சு முட்டிவிடும். தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே ஒரு விரல் நுழைய இடம் இருக்கட்டும். குறை மாதத்தில் பிறந்த பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, சளி பிடித்த பிள்ளை என்றால் முதலில் நர்ஸைக் கேளுங்கள்.

கால்களை நேராக நீட்டி இறுக்கக் கூடாது. அப்படிக் கட்டினால் இடுப்பு மூட்டு விலகக்கூடும். தவளை உட்கார்ந்தது போல, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, விரிந்து இருக்க வேண்டும்.

கழுத்து நிற்கும் வரை மார்போடு நிமிர்த்தித்தான் கட்ட வேண்டும். இடுப்புக்கும் முதுகுக்கும் அவசரப்பட வேண்டாம்.

பிள்ளையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். காட்டுக்குள் கொண்டு போகவே வேண்டாம். அங்கே பால்வெட்டுக் கத்தி இருக்கிறது, ஆசிட்டு இருக்கிறது, கொசு இருக்கிறது.

வயிற்றில் இருக்கும்போதே செய்ய வேண்டியது

துணி ஆயத்தம் கடைசி மாதத்து வேலை. அதற்கு முந்திய ஆயத்தம் காகிதத்தில் இருக்கிறது.

நாள் தள்ளிப் போனதும் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். அங்கே தரும் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிற ஒட்டு ஒட்டுவார்கள். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். நாள் பார்க்கவோ நேரம் பார்க்கவோ கூடாது. இரத்தம் படுதல், பனிக்குடம் உடைதல், தாங்க முடியாத தலைவலி, வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைதல் இவற்றில் எது வந்தாலும் அப்படித்தான். நடுராத்திரியில் யாருடைய காடி வரும் என்பதை ஏழாம் மாதத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் பாதையில் மழை பெய்தால் என்ன கதி என்று நமக்குத் தெரியாதா?

அடுத்தது உரிமை. 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாகிவிட்டது. உயிரோடு இருக்கும் பிள்ளைகள் ஐந்துக்குக் குறைவாக இருந்து, பேறுக்கு முந்திய 9 மாதத்தில் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்து, கடைசி 4 மாதத்திலும் வேலையில் இருந்தவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பேறு நாளுக்கு முந்திய 60 நாளுக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். வாயால் சொல்லி வராதீர்கள். எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 12 மாதம் வேலையில் இருந்த கணவருக்கும் 7 நாள் விடுப்பு இருக்கிறது. அவர் 30 நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும்.

"நாங்க கொந்தராத்துல வேலை செய்றோம், எங்களுக்கு ஏது இதெல்லாம்?" என்று கேட்கும் சகோதரிகள் பலர். கொந்தராத்துக்காரரிடம் கூலிக்கு வேலை செய்கிறவரும் தொழிலாளிதான். சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். லேபர் ஆபீஸில் அதுதான் உங்களுக்காகப் பேசும்.

மருந்தடிப்பில் இருப்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் கடிதம் வாங்கி, வேறு வேலை கேளுங்கள். பால் கொடுக்கும் காலத்திலும் கேளுங்கள். தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வயிறு தெரியும் வரை மறைத்து வேலை செய்வதால் வருகிற நாலு காசு, பிறகு ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

98 நாள் முடியும்போது பிள்ளைக்கு மூன்று மாதம் கடந்து சில நாள்தான் ஆகியிருக்கும். கழுத்தே சரியாக நின்றிருக்காது. அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் தாய் மறுபடி வேலைக்குப் போகிறாள். அதனால் பிள்ளைக் காப்பகம் இல்லாத தோட்டங்களில் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளைக் காப்பகத்துக்கும் இடம் இருக்கிறது. அதோடு, வேலை முடிந்த இடத்திலேயே குளிக்கக் குழாயும், உடுப்பு மாற்ற ஒரு மறைவும் கேளுங்கள். ஒருத்தி கேட்டால் முணுமுணுப்பு. பத்துப் பேர் கேட்டால் கோரிக்கை.

தாய்மார்களே! எட்டாம் மாதம் பிறந்ததும் இரண்டு பருத்திச் சேலைகளை எடுத்துத் துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்துத் தனியாக வையுங்கள். ஒன்று நனைந்தால் ஒன்று இருக்கும். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்: "இது பிள்ளைத் துணி. இதை யாரும் காட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது."