நீல வெளிச்சத்தில் இருநூறு ரூபாய்

ஆயுத பூஜைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. பொரி, கடலை, பூசணிக்காய் என்று வீட்டில் பட்டியல் ஓடிக்கொண்டிருக்க, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களோ ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. காருக்குள் எரிகிற எல்.இ.டி. விளக்கின் நிறத்தை மாற்றுவது எப்படி? சென்னை ஜி.பி. ரோட்டு ஆக்சஸரீஸ் கடைகளில் இப்போதே வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. "வெள்ளிக்கிழமைக்கு மேல புது வண்டி எடுக்க மாட்டோம் சார், பூஜைக்கு டெலிவரி கொடுக்கணும்" என்றார் ஒரு கடைக்காரர். ஆகவே விளக்கமும் இந்த வாரமே வந்தாக வேண்டும்.

மூன்று கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மதுரை வாசகர் ஒருவர்: "என் காரில் வெள்ளை எல்.இ.டி. இருக்கிறது. நிறம் மாற்றும் ஆப் இறக்கினேன். மாறவில்லை. ஆப் கோளாறா, கார் கோளாறா?" திருச்சியிலிருந்து இன்னொருவர்: "கடைக்காரர் ஆர்.ஜி.பி. என்கிறார், ஷோரூமில் ஆம்பியன்ட் லைட் என்கிறார்கள், என் தம்பி மூட் லைட் என்கிறான். மூன்றும் ஒன்றா, மூன்று செலவா?" மூன்றாவது ஈரோட்டிலிருந்து. நான்கு டாக்சி வைத்திருப்பவர். "ராத்திரி ஓட்டுகிற பையன்கள் உள்ளே நீல லைட் போட்டுக்கொள்கிறார்கள். மறுநாள் கணக்கில் அடிக்கடி நூற்றெண்பது ரூபாய் உதைக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

முதல் இரண்டுக்குப் பதில் எளிது. மூன்றாவதுக்காக அலுவலகக் கார் நிறுத்தத்தில் ஒரு மாலை முழுக்கச் செலவழித்தேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்ப்போம். மூட் லைட், ஆம்பியன்ட் லைட் இரண்டும் ஒன்றுதான். கதவு ஓரத்திலும் டாஷ்போர்டு மடிப்பிலும் கோடாக ஓடும் மங்கல் வெளிச்சம். கார் நிறுவனங்களின் அகராதியில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: நடு மாடல் வாங்க வந்தவரை டாப் மாடலுக்கு ஏற்றிவிடும் படிக்கட்டு. ஆர்.ஜி.பி. என்பது அந்த விளக்குக்குள்ளே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருக்கின்றன என்பதற்கான சுருக்கம். ஆம்பியன்ட் லைட் எல்லாம் ஆர்.ஜி.பி. கிடையாது. ஒரே நிறத்தில் எரிகிற பட்டையையும் அதே பெயரில்தான் விற்கிறார்கள். விளம்பரத் தாளில் எத்தனை வண்ணம் என்று எண் போடவில்லை என்றால் அநேகமாக ஒன்றுதான்.

மதுரை வாசகருக்கு: ஆப்பும் சரி, காரும் சரி. எல்.இ.டி.யின் நிறம் அதன் படிகம் எதனால் ஆனது என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் பிரகாசம் மாறும், நிறம் மாறாது. உங்கள் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். மஞ்சள் பொட்டு மாதிரி ஒன்று தெரியும். அது பாஸ்பர் பூச்சு. அதற்கு அடியில் இருப்பது நீல எல்.இ.டி. நீலத்தில் ஒரு பகுதி பூச்சில் பட்டு மஞ்சளாக மாறி, மீதி நீலத்தோடு கலந்து வெள்ளை என்று நம் கண்ணை நம்ப வைக்கிறது. அந்த நீலத்தைச் செய்து காட்டியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். சிலர் வெள்ளை விளக்கின் மேல் கலர் கண்ணாடித் தாள் ஒட்டிப் பார்க்கிறார்கள். நீலத் தாள் ஒட்டினால் நன்றாக எரியும். சிவப்புத் தாள் ஒட்டினால் சோகையாக எரியும், ஏனென்றால் வெள்ளை எல்.இ.டி.யின் வெளிச்சத்தில் ஆழ்ந்த சிவப்பு கொஞ்சம்தான். சுருக்கமாக, நிறம் மாற வேண்டுமென்றால் பல்பை மாற்ற வேண்டும், அல்லது ஆர்.ஜி.பி. பட்டை போட வேண்டும்.

இப்போது அந்தப் பட்டைக்கு வருவோம். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

பட்டையில் வரிசையாக இருக்கும் சதுரங்களில் ஒன்றைக் கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து மில்லிமீட்டர் சதுரம். உள்ளே மூன்று புள்ளி. ஆரஞ்சு கேட்டால் ஆரஞ்சு விளக்கு எதுவும் எரிவதில்லை. சிவப்புப் புள்ளி முழுதாக எரிகிறது, பச்சைப் புள்ளி கொஞ்சமாக எரிகிறது, கண் கூட்டிக்கொள்கிறது. அந்தக் 'கொஞ்சம்' எப்படி வருகிறது என்பதுதான் கெட்டிக்காரத்தனம். மின்சாரத்தைக் குறைப்பதில்லை. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள். எரியும் நேரம் அதிகமானால் பிரகாசம், அணைந்திருக்கும் நேரம் அதிகமானால் மங்கல். கண்ணுக்கு அது தொடர்ந்து எரிவதாகவே படும். கைபேசிக் கேமராவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மலிவான பட்டையை வீடியோ எடுத்தால் திரையில் கறுப்புக் கோடுகள் நெளியும். பட்டை வாங்கும்போது கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரே தரப் பரிசோதனை இது. நெளியும் பட்டையை வாங்காதீர்கள். இருட்டில் தலையைத் திருப்பும்போது கண்ணுக்கும் அந்தத் துடிப்பு தட்டுப்படும்.

பெட்டியின் மேல் "1.6 கோடி வண்ணங்கள்" என்று போட்டிருக்கிறது. கணக்கு பொய்யில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். 256-ஐ மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216. ஆனால் இது முழுப் பிரகாசத்தில் வருகிற கணக்கு. கார் விளக்கை யாரும் முழுப் பிரகாசத்தில் வைத்து ஓட்ட முடியாது, கண்ணாடி முழுக்கப் பிரதிபலிக்கும். ராத்திரிக்கு ஐந்து சதவீதம் வைத்தால் போதும். எட்டு பிட் கண்ட்ரோலரில் 255-ல் ஐந்து சதவீதம் என்பது சுமார் 13. பூஜ்யத்தையும் சேர்த்தால் ஒரு புள்ளிக்கு 14 படி. 14-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 2,744. காசு கொடுக்கும்போது இருந்த 1.6 கோடி, காரில் உட்கார்ந்து ஓட்டும்போது மூவாயிரத்துக்குள் வந்துவிட்டது. அதிலும் பாதிக்கு மேல் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாதவை. இதோடு பார்த்தால், 64 வண்ணம் என்று எழுதுகிற கார் நிறுவனங்களை நேர்மையானவர்கள் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொல்வேன் என்று எதிர்பார்க்காத வாக்கியம் இது.

ஈரோட்டுக் கடிதத்துக்கு இனி வருகிறேன். சக ஊழியர் ஒருவர் தன் காரில் பட்டை போட்டிருக்கிறார். அலுவலகத்தின் தரைக்கீழ் நிறுத்தத்தில் கூரை விளக்கை அணைத்துவிட்டு, டாஷ்போர்டில் ஐந்து நோட்டுகளைப் பரப்பினோம்: 20, 50, 100, 200, 500. எல்லாம் புது வரிசை. அவர் கைபேசியில் வண்ணச் சக்கரத்தைத் திருப்ப, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பில் 200 ரூபாய் பளிச்சென்று வெளுத்தது, 50 ரூபாய் கறுத்தது. பரவாயில்லை. நீலத்துக்குப் போனதும் இரண்டு பேரும் ஒரு நிமிடம் பேசவில்லை. ஐம்பது தானே எரிவது மாதிரி மின்னியது. நூறும் துலக்கம். ஐந்நூறு நடுவாந்தரம். இருபதும் இருநூறும் ஒரே மாதிரி அழுக்கு நிறத்தில் கிடந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீளம் காட்டிக் கொடுக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்து மடித்துக் கொடுக்கச் சொன்னேன். எது என்று என்னால் உடனே சொல்ல முடியவில்லை.

காரணம் மாயமில்லை. 2017-ல் வந்த 200 ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி 'பளிச் மஞ்சள்' என்கிறது. 2019-ல் வந்த 20 ரூபாயை 'பச்சை கலந்த மஞ்சள்' என்கிறது. மஞ்சள் என்பது நீலத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தரும் நிறம். வெளிச்சத்தில் நீலத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்றால் திருப்பித் தர அதனிடம் ஒன்றுமில்லை. ஆக இரண்டு மஞ்சளும் இருட்டாகின்றன. நோட்டுக்கு நோட்டு நிறத்தை வேறுபடுத்தியிருக்கிறோம் என்று வங்கி சொல்வது வெள்ளை வெளிச்சம் இருக்கும் என்ற நம்பிக்கையில். எண் பெரிதாகத்தான் அச்சிட்டிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் பின் சீட்டிலிருந்து நீளும் நோட்டில் எண்ணை யார் படிக்கிறார்கள்? நாம் எல்லோருமே நிறத்தைப் பார்த்துத்தான் பணம் எண்ணுகிறோம். 200 ரூபாய் நோட்டைச் சாய்த்தால் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறுகிற பாதுகாப்பு இழை கூட இந்த வெளிச்சத்தில் உதவாது, மாறிக்காட்டப் பச்சை வேண்டுமே.

இருநூறிலிருந்து இருபதைக் கழித்தால் நூற்றெண்பது. உங்கள் பையன்கள் மேல் சந்தேகப்படுவதற்கு முன், ஐயா, அந்தப் பட்டையைச் சந்தேகப்படுங்கள்.

நோட்டோடு போகிற விஷயமும் இல்லை இது. இருட்டில் பார்ப்பதற்கென்று நம் விழித்திரையில் இருக்கும் செல்களுக்கு நீலப்பச்சை வெளிச்சம்தான் உறைக்கும், ஆழ்ந்த சிவப்பு உறைக்காது. இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்க நீல விளக்கு போதும். பி.எம்.டபிள்யூ. கார்கள் பல பத்தாண்டுகள் மீட்டர் விளக்கை ஆரஞ்சு கலந்த சிவப்பில் வைத்திருந்தது அழகுக்காக மட்டும் இல்லை. நெடுஞ்சாலையில் விளக்கில்லாத மாட்டு வண்டியைப் பார்க்க வேண்டிய கண் நம்முடையது. நீலம் நிறுத்தி வைத்த காருக்கு அழகு. ஓடுகிற காருக்கு மங்கிய ஆரஞ்சு போதும்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பிரேக் இன்ஸ்பெக்டர் பிடிப்பாரா? எந்த நிற வெளிச்சம் எந்தப் பக்கம் தெரியலாம் என்று சொல்லும் மத்திய மோட்டார் வாகன விதி 108, வண்டியின் உள் விளக்குக்கு விலக்கு தந்திருக்கிறது. வண்டிக்கு அடியிலும் கிரில்லிலும் ஒட்டும் பட்டை உள் விளக்கு இல்லை. அதற்கு வாதாட வராதீர்கள்.

ஆர்.சி. புக்கில் மாற்ற வேண்டுமா? வேண்டாம். சட்டத்தின் 52-வது பிரிவு தடுப்பது ஆர்.சி.யில் உள்ள விவரங்களோடு முரண்படும் மாற்றங்களை. கூரை பல்பின் நிறம் அதில் இல்லை.

வாரன்டி போகுமா? வயரை வெட்டினால் வாக்குவாதம் நிச்சயம். கப்ளரில் செருகும் வகையைக் கேளுங்கள், பில் வாங்குங்கள்.

புது பல்ப் எரியவில்லையே? திருப்பிப் போடுங்கள். எல்.இ.டி.க்கு பிளஸ், மைனஸ் உண்டு.

கூரை பல்ப் என்ன அளவு? பழையதைக் கழற்றி அளந்து பாருங்கள். இரு முனையிலும் தொப்பி வைத்த குழல் பல்பில் 31, 36, 41 மி.மீ. மூன்றும் புழக்கத்தில் உண்டு.

'கேன்பஸ்' என்று போட்ட பல்புக்கு ஏன் கூடுதல் விலை? காரின் கம்ப்யூட்டரிடம் "நான் பழைய ஐந்து வாட் பல்ப்தான்" என்று பொய் சொல்ல உள்ளே ஒரு ரெசிஸ்டர் வைத்திருக்கிறார்கள். மிச்சப்படுத்திய மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிப்பதே அதன் வேலை. பல்ப் எச்சரிக்கை காட்டாத காருக்குத் தேவையில்லை.

பேட்டரி இறங்குமா? சாவியை அணைத்தும் எரிகிற இணைப்பாக இருந்தால் இறங்கும்.

விளக்கு ஆப் நான் இருக்கும் இடத்தை ஏன் கேட்கிறது? பழைய ஆண்ட்ராய்டில் புளூடூத் தேடலுக்கே இருப்பிட அனுமதி வேண்டும். 12-வது பதிப்பிலிருந்து அது கட்டாயமில்லை. அதற்குப் பின்னும் கேட்கும் ஆப்பை நீக்குங்கள்.

நானே மாட்டலாமா? கூரை பல்பை மாட்டலாம். முன் கண்ணாடித் தூணின் உறைக்குள் வயர் இழுக்காதீர்கள். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் அங்கேதான் மடிந்திருக்கிறது. மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக் இணைப்பு.

பட்டையைக் கழற்ற மனமில்லாத ஈரோட்டு வாசகருக்கு ஒரு வழி. கூரை விளக்கை மட்டும் வெள்ளையாகவே விட்டுவையுங்கள், காசு வாங்கும்போது அதைப் போடச் சொல்லுங்கள். அதுவும் மறந்துபோனால் நோட்டை விரலால் அளக்கச் சொல்லுங்கள்: 20 ரூபாயின் நீளம் 129 மி.மீ., 200 ரூபாயின் நீளம் 146 மி.மீ.