நிரலில் இல்லாத ஒரு குறிப்பு

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து முதன்முறையாகக் கிளம்பிய ஏரியன் 5 ராக்கெட், ஏறத்தாழ 40 வினாடியில், 3,700 மீட்டர் உயரத்தில் பாதை விலகி உடைந்து வெடித்தது. நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அதோடு போயின. எஞ்சினில் கோளாறு இல்லை. ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் அளக்கும் மென்பொருள், 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் வைக்கப் பார்த்தது. அங்கே 32,767-க்கு மேல் அடங்காது. எண் பெரிதாக இருந்ததால் அந்த மென்பொருளை ஓட்டிய கணினி நின்றுவிட்டது. பெரிய மென்பொருள் அமைப்புகளைக் கட்டக் கற்பவர்கள் இந்த விபத்தின் விசாரணை அறிக்கையைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் பிழையின்றி எழுதத் தெரிவது மட்டும் போதாது. எந்த நிபந்தனையை நம்பி அது எழுதப்பட்டது என்பதும் அந்தப் பாகத்தோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும்.

நின்றுபோன அந்த நிரல் ஏரியன் 4-இல் குறையின்றி ஓடியது. கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதற்காக, இப்படிப்பட்ட ஏழு மாறிகளில் மூன்றைப் பொறியாளர்கள் தெரிந்தேதான் பாதுகாப்பின்றி விட்டார்கள். ஏரியன் 4-இல் அந்த மதிப்பு அவ்வளவு உயராது. எனவே அது நியாயமான முடிவே. ஏரியன் 5-இலோ அந்த மதிப்பை உயர்த்தும் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாகக் கூடும். பாதுகாப்பு ஏன் விடப்பட்டது என்ற குறிப்பு நிரலில் இல்லை. ஆவணக் குவியலுக்குள் புதைந்து கிடந்தது. மாற்றுக் கணினியும் கைகொடுக்கவில்லை. அதே நிரலை ஓட்டிய அது, அதே காரணத்தால் சற்று முன்னதாகவே நின்றிருந்தது. இதில் மனதை வருத்தும் விஷயம், ராக்கெட் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவையில்லை என்பதுதான். கணிதவியலாளர் ஷாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு தன் பரிந்துரைகளில் முதலாவதாகச் சொன்னதும், பறக்கும்போது தேவைப்படாத எந்த மென்பொருள் செயலும் ஓடக் கூடாது என்பதைத்தான்.

ஒழுங்காகச் சோதித்திருந்தால் தீர்ந்திருக்குமே என்று கேட்கலாம். உண்மைதான், ஏரியன் 5-இன் பறப்புப் பாதையை வைத்துச் சோதித்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும். ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிய, எதை நம்பியிருக்கிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். கணினி அறிவியலாளர் டேவிட் பார்னாஸ் 1972-இல் எழுதிய கட்டுரை இன்னொரு கேள்வியை எழுப்பும்: மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு பாகமும் தனக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும் என்றாரே, அப்படியானால் மறைத்தது சரிதானே? மறைக்க வேண்டியது செய்முறையை. எவ்வளவு பெரிய எண் வரை தாங்கும் என்பது அந்தப் பாகத்தைப் பயன்படுத்துவோர் பார்வையில் படவேண்டிய செய்தி. இணையக் கடை மென்பொருளை உடனே திருத்திவிடலாம், ராக்கெட் அளவு கவனம் அதற்கு எதற்கு என்பாரும் உண்டு. திருத்தும் செலவு குறைவு என்பதை ஏற்கலாம். ஆனால் எழுதியவர் வேலையை விட்டுப் போனபின் எதைத் திருத்துவது என்று கண்டுபிடிக்கும் செலவு குறைவதில்லை.