ஓசிடி: சும்மா இருக்கும் மூளையில் என்ன நடக்கிறது?

எம்ஆர்ஐ குழாய்க்குள் படுத்திருப்பவருக்கு ஆய்வாளர் கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: எதுவும் செய்யக் கூடாது. தலை அசையாமலிருக்க இரு பக்கமும் சிறு திண்டு வைத்திருப்பார்கள். காதை அடைத்திருந்தும் இயந்திரத்தின் தடதடப்பு உள்ளே வரும். கண்ணுக்கு நேரே திரையில் ஒரு கூட்டல் குறி. தூங்கக் கூடாது, குறிப்பாக எதையும் யோசிக்கவும் வேண்டாம். ஆறேழு நிமிடம், சில இடங்களில் பத்து நிமிடம் இப்படியே. பலருக்கு இது வெறும் சலிப்பு. ஓசிடி உள்ளவருக்கு அப்படி இருக்காது. இந்தக் குழாயைத் துடைத்தார்களா, எனக்கு முன்னால் படுத்தவருக்கு என்ன நோயோ, கிளம்பும்போது கேஸை மூடினேனா என்று சும்மா இருக்கச் சொன்ன நேரத்தில்தான் எல்லாம் வரிசைகட்டி வரும்.

ஆய்வாளர்கள் பதிவு செய்ய விரும்புவதும் அந்தச் சும்மா இருக்கும் நிமிடங்களைத்தான். இதற்கு வழி திறந்தவர் பரத் பிஸ்வால். 1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, விரலைக்கூட அசைக்காமல் படுத்திருப்பவரின் மூளையில் இடது கையை இயக்கும் பகுதியும் வலது கையை இயக்கும் பகுதியும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதை அவர் காட்டினார். ஓய்விலும் மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றன என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. நம் ஊரில் இரண்டு தெருக்களில் எப்போதும் ஒரே நேரத்தில் கரண்ட் போய் ஒரே நேரத்தில் வந்தால், இரண்டும் ஒரே ஃபீடர் என்று லைன்மேனைக் கேட்காமலே சொல்லிவிடுவோம். மூளை ஆய்வாளரின் கணக்கும் அதே கணக்குதான். அதே ஓட்டையும் இதில் உண்டு: இரண்டு தெருவுக்கும் நடுவே நேரடிக் கம்பி இருந்தாக வேண்டிய அவசியமில்லை. ‘இணைப்பு அதிகம்’, ‘இணைப்பு குறைவு’ என்று செய்தி வரும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

ஓசிடி என்பது என்ன? விரும்பாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வந்து உறுத்துகிறது. அந்த உறுத்தலைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, மனதுக்குள்ளேயே ஒரு மந்திரத்தைச் சொல்லி ‘ரத்து’ செய்வது எல்லாம் இதில் அடக்கம். மேஜையில் பேனாவை நேராக வைப்பவரெல்லாம் ‘எனக்குக் கொஞ்சம் ஓசிடி’ என்று சொல்லிக்கொள்வது இப்போது பழக்கமாகிவிட்டது. மருத்துவர்கள் பார்ப்பது வேறு: ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இது விழுங்குகிறதா, வேலையும் குடும்பமும் இதனால் குலைகிறதா என்பதைத்தான். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒருமுறை இது வருகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் செய்வது பொருளற்றது என்று நன்றாகவே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

இந்த ‘தெரிந்தும் முடியவில்லை’ என்பதற்கு மூளையில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்ற சந்தேகம் பழையது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் பரவிய தூக்க மூளைக்காய்ச்சலை வியன்னாவில் வான் எகனாமோ விவரித்தார். பிழைத்தவர்களில் சிலருக்கு அசைவுக் கோளாறுகளோடு, அடக்க முடியாமல் ஒரே செயலைத் திரும்பச் செய்யும் உந்துதலும் தங்கிவிட்டது. மூளையின் அடியாழத்தில் அசைவையும் பழக்கத்தையும் கவனிக்கும் பகுதிகள் மீது பார்வை விழுந்தது அதன் பிறகுதான்.

1987-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் லூயிஸ் பாக்ஸ்டர் குழு, ஓசிடி உள்ளவர்களின் மூளை எங்கே அதிகமாகச் சர்க்கரையை எரிக்கிறது என்று பெட் ஸ்கேனில் பார்த்தது. கண்குழிகளுக்குச் சற்று மேலே உள்ள முன்மூளைப் பகுதியும், ஆழத்தில் காடேட் என்ற பகுதியும் மும்முரமாக இருந்தன. இவற்றோடு மூளையின் நடுவே உள்ள தாலமஸையும் சேர்த்தால் ஒரு சுற்று கிடைக்கிறது. முன்மூளையில் எழும் சமிக்ஞை ஆழத்துக்குப் போய், தாலமஸ் வழியே மறுபடி முன்மூளைக்கே திரும்புகிறது. ‘ஏதோ தப்பு’ என்ற எச்சரிக்கை இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு அணையாமல் சுழல்கிறது என்பதுதான் விளக்கம். கேட்டதும் மனதில் பதியும் விளக்கம். பாடப்புத்தகங்களிலும் அப்படியே பதிந்துவிட்டது.

அதே குழு 1992-இல் வெளியிட்ட ஆய்வுதான் என் கணக்கில் இன்னும் முக்கியமானது. ஒன்பது பேருக்கு ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரை, ஒன்பது பேருக்கு மாத்திரை இல்லாமல் நடத்தைப் பயிற்சி. பத்து வாரங்கள் போல் கழித்துப் பார்த்தபோது, குணம் தெரிந்தவர்களில் இரு தரப்பினருக்குமே வலது காடேட்டின் மும்முரம் குறைந்திருந்தது. பேச்சும் பயிற்சியும் மாத்திரை தொட்ட அதே இடத்தைத் தொட்டிருந்தன. மூளையில் மாறுதல் தெரிகிறது என்றதுமே ‘அப்போ இது பிறவிக் கோளாறு, ஒன்றும் செய்ய முடியாது’ என்று முடிவுகட்டுபவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்த பதில் இது.

சும்மா இருக்கும் மூளையைப் பார்க்கும் முறை வந்ததும் சுற்று விளக்கத்துக்கு இன்னும் வலு சேர்ந்தது. 2009-இல் பென் ஹாரிசன் குழு 21 நோயாளிகளையும் 21 நலமானவர்களையும் ஒப்பிட்டது. கண்குழி மேற்பகுதிக்கும் ஆழத்தில் காடேட் அடங்கிய ஸ்ட்ரையாட்டத்தின் அடிப்பகுதியான வென்ட்ரல் ஸ்ட்ரையாட்டத்துக்கும் இடையே ஒத்திசைவு நோயாளிகளிடம் அதிகமாக இருந்தது. அது கூடக் கூட அறிகுறிகளும் கடுமையாக இருந்தன.

நான்கு ஆண்டுகள் கழித்து எலிகள் கதையைச் சிக்கலாக்கின. ‘சயின்ஸ்’ இதழ் 2013 ஜூனில் இரண்டு ஆய்வுகளை ஒன்றாக வெளியிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சூசன் அமாரி, சுண்டெலிகளின் முன்மூளையிலிருந்து ஸ்ட்ரையாட்டத்துக்குப் போகும் பாதையை ஒளியால் தூண்டினார். ஒருமுறை தூண்டியதில் ஒன்றும் ஆகவில்லை. பல நாட்கள், தினம் சில நிமிடம் தூண்டியதும் எலிகள் முகத்தையும் உடலையும் ஓயாமல் வழித்துக்கொள்ளத் தொடங்கின. ஒளியை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்தப் பழக்கம் நீடித்தது. எம்ஐடியில் ஆன் கிரேபியல் ஆய்வகம் செய்தது தலைகீழ்: மரபணு மாற்றத்தால் ஏற்கெனவே ஓயாமல் வழித்துக்கொண்டிருந்த எலிகளில், பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு முன்மூளைப் பாதையைத் தூண்டியதும் பழக்கம் அடங்கியது. ஒரு பாதை மூட்டிவிடுகிறது, அண்டைப் பாதை அடக்குகிறது. ஸ்கேன் படத்தில் இரண்டும் ஒட்டி ஒட்டித் தெரியும். ஆக, ‘அங்கே இணைப்பு அதிகம்’ என்று மட்டும் சொன்னால் அது எந்தப் பாதை என்ற கேள்வி மிச்சம் நிற்கும்.

சிறு ஆய்வுகளில் இன்னொரு தொல்லையும் இருந்தது. இருபது இருபது பேராகப் பார்த்ததில் ஒரு குழு ‘அதிகம்’ என்றது, மறு குழு ‘குறைவு’ என்றது. ஸ்கேனில் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே இல்லாத இணைப்பு இருப்பதாகத் தெரியும் என்பது 2012 வாக்கில் அம்பலமாகி, முந்தைய முடிவுகள் பலவற்றின் மீது சந்தேகம் விழுந்தது. பதற்றத்தில் இருப்பவர் நெளிவார்தானே!

இதற்கு மாற்றாகத்தான் பல நாட்டு மையங்கள் தங்கள் ஸ்கேன்களை ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் எனிக்மா கூட்டமைப்பு வந்தது. அதன் ஓசிடி பிரிவில் பெங்களூரு நிம்ஹான்ஸும் உண்டு. 2023-இல் ஆம்ஸ்டர்டாமின் வில்லெம் ப்ரூயின் தலைமையில் 28 தொகுப்புகளிலிருந்து 1,024 நோயாளிகள், 1,028 நலமானவர்களின் ஓய்வுநிலை ஸ்கேன்கள் அலசப்பட்டன. எதிர்பார்த்தபடி முன்மூளை–ஸ்ட்ரையாட்டம் சுற்று பளிச்சென்று தெரிந்ததா? தெரியவில்லை. நோயாளிகளிடம் பரவலாக இணைப்புகள் சற்றுத் தளர்ந்திருந்தன. தளர்வு அதிகம் தெரிந்தது தொடு உணர்வையும் அசைவையும் கவனிக்கும் வலைப்பின்னலில். கூடியிருந்த சில இணைப்புகள் பெரும்பாலும் தாலமஸோடு தொடர்புடையவை. வித்தியாசங்கள் எல்லாமே சிறியவை. இரு தரப்பினரின் அளவுகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடந்தன.

தொடு உணர்வு வலைப்பின்னல் ஏன்? அந்த ஆய்வு அதற்கு விடை சொல்லவில்லை. ஆனால் நோயாளிகளின் பேச்சைக் கேட்டவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். எல்லோரும் கிருமிக்குப் பயந்து கழுவுவதில்லை. ‘பயமெல்லாம் இல்லை டாக்டர், சரியா ஆகலைன்னு கை சொல்லுது’ என்பவர்கள் இருக்கிறார்கள். தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தைக் காது கேட்டுவிட்டது, கண் பார்த்துவிட்டது, விரலுக்கு மட்டும் திருப்தி வரவில்லை. இந்தத் தடத்தில் இன்னும் ஆராய வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லூக் நார்மன், கேட் ஃபிட்ஸ்ஜெரால்டு குழு 2019-இல் பத்து ஆய்வுகளிலிருந்து 484 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்ததும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. தவறு நேர்ந்ததை உணர்த்தும் பகுதிகள் ஓசிடி உள்ளவர்களிடம் கூடுதலாக வேலை செய்தன. செய்கிற செயலை நிறுத்த உதவும் பகுதிகள் குறைவாக வேலை செய்தன.

ப்ரூயின் குழு கணினியையும் சோதித்தது. ஒருவருடைய ஸ்கேனை மட்டும் கொடுத்தால் அவர் நோயாளியா இல்லையா என்று அது சொல்லுமா? சும்மா ஊகித்தால் 0.5, துல்லியமாகச் சொன்னால் 1 என்ற அளவுகோலில் கணினி பெற்றது 0.57 முதல் 0.67 வரை. மருந்து சாப்பிடும் நோயாளிகளை நலமானவர்களிடமிருந்து பிரிப்பதில் 0.70-ஐத் தொட்டது, மருந்து சாப்பிடாதவர்களிடம் 0.61-தான். கணினி கண்டுபிடித்தது நோயையா, மாத்திரையையா என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? ‘மூளை மேப்பிங்’ செய்து ஓசிடியை உறுதி செய்கிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்தப் பணத்தை மருத்துவருக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இணைப்பு ஆய்வுகள் நேரடியாகக் கைகொடுத்திருப்பது வேறோர் இடத்தில்: எந்தச் சிகிச்சைக்கும் மசியாத, மிகக் கடுமையான நோயாளிகளின் அறுவை சிகிச்சையில். 1999-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் பார்ட் நூட்டின் குழு, மூளைக்குள் மின்முனை வைத்துத் தூண்டும் முறையை ஓசிடிக்குப் பயன்படுத்தியது. பிறகு ஒவ்வொரு மையமும் ஒவ்வோர் இடத்தில் மின்முனை வைத்தது. சிலருக்குப் பலித்தது, சிலருக்கு இல்லை. 2020-இல் பெர்லினின் ஆண்ட்ரியாஸ் ஹார்ன் குழு நான்கு மையங்களின் 50 நோயாளிகளை ஒப்பிட்டபோது, இடங்கள் வேறாக இருந்தாலும் பலன் கண்டவர்களின் மின்முனைகள் முன்மூளையிலிருந்து ஆழத்துக்கு இறங்கும் ஒரே நார்க்கற்றையைத் தொட்டிருந்தது தெரிந்தது. நம் நாட்டில் மனநோய்க்கான மூளை அறுவை சிகிச்சைக்கு நோயாளியின் சம்மதத்தோடு மனநல வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

பெரும்பாலோருக்கு அதுவரை போக வேண்டியதில்லை. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் 1966-இல் இரண்டு நோயாளிகளிடம் செய்து காட்டிய பயிற்சிதான் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. குளியலறைக் கைப்பிடியைத் தொடச் சொல்வார்கள்; கழுவக் கூடாது. பதற்றத்துக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பார் உளவியலாளர். எண்பது. பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்பார். எழுபது. எழுந்து போய்க் கழுவ உடம்பு துடிக்கும். உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஐம்பது. மறுநாளும் அதே கைப்பிடி. கூடவே ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள்; மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் கூடுதலான அளவில். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கலாம். மூன்றாவது வாரத்திலேயே ‘இந்த மாத்திரை கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுபவர்கள் ஏராளம்.

நோயின் கடுமையை அளக்க மருத்துவர் எடுப்பது இன்றும் ஒரு தாளையும் பேனாவையும்தான். 1989-இல் வேய்ன் குட்மன் குழு வெளியிட்ட யேல்–பிரவுன் அளவுகோலில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். எண்ணங்கள் எவ்வளவு நேரம் பிடிக்கின்றன, எவ்வளவு தூரம் எதிர்க்க முடிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். ஸ்கேன் எழுதிக் கொடுப்பதும் உண்டு: நடுவயதைத் தாண்டிய ஒருவருக்கு முன்பு ஒருபோதும் இல்லாமல் திடீரென்று இது தொடங்கினால், அல்லது வலிப்பு, நடை தள்ளாட்டம், நினைவு தவறுதல் என்று கூட ஏதாவது சேர்ந்து வந்தால். அப்போது அவர் தேடுவது கட்டியோ பக்கவாதத்தின் தடமோ இருக்கிறதா என்பதை, ஓசிடியை அல்ல.