டிரவுட் மீனுக்கு ஒரு செம்புப் பூச்சி

தூண்டில் என்றாலே நமக்கு மண்புழுதான் நினைவுக்கு வரும். ஆனால் குலு, காஷ்மீர்ப் பக்கம் சுற்றுலா செல்லும் நம் சங்க அன்பர்கள், ஆற்றோரம் சிலர் புழுவும் இரையும் இல்லாமல், இறகு சுற்றிய ஒரு சிறு முள்ளை மட்டும் வீசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். அவர்கள் தேடுவது டிரவுட் மீனை. அந்த முள்ளை நாமே கட்டிக்கொள்வது எப்படி, நம் ஊர் ஆறுகளுக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்வது எப்படி என்பதை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

டிரவுட் இந்த மண்ணின் மீன் அல்ல. 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டைகளாகக் காஷ்மீருக்கு வந்தது. நீலகிரியில் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. 1909-ல் குலு பள்ளத்தாக்கிலும் டிரவுட் வளர்ப்பு தொடங்கியது. குளிர்ந்த, தெளிந்த, பிராணவாயு நிறைந்த ஓடும் நீர்தான் அதற்கு வேண்டும்.

மீனின் சாப்பாடு எங்கே?

டிரவுட் நீர்மட்டத்தில் துள்ளிப் பூச்சி பிடிப்பது கண்ணுக்கு அழகு. ஆனால் அதன் சாப்பாட்டில் பெரும்பகுதி நீருக்கடியில்தான் கிடைக்கிறது. மேஃப்ளை என்ற பூச்சியை எடுத்துக்கொள்வோம். இறக்கை முளைத்த பின் அது ஓரிரு நாள்தான் உயிர் வாழும். அதற்கு முன் பல மாதங்கள், சில வகைகள் ஓராண்டுகூட, ஆற்றுக் கற்களுக்கடியில் இறக்கையில்லாத பூச்சியாக வாழ்கின்றன. அந்தப் பருவத்துக்கு நிம்ஃப் என்று பெயர். வளர்ச்சி முடிந்ததும் அது மேல்தோலை உரிப்பதற்காக நீர்மட்டம் நோக்கி எழும். மீன் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான்.

இதை உணர்ந்து நிம்ஃப் தூண்டிலுக்கு வழிகாட்டியவர் ஜி.இ.எம். ஸ்க்யூஸ் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர். 1910-ல் அவர் எழுதிய புத்தகம், மிதக்கும் பூச்சியே உயர்ந்தது என்றிருந்தவர்களிடையே பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அவருக்குப் பின் வந்த ஃபிராங்க் சாயர், வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் காவலராக வேலை பார்த்தவர். நாள் முழுவதும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்த அவர் உருவாக்கிய நிம்ஃப் இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

இரண்டே பொருள்

சாயரின் நிம்ஃபில் நூலே கிடையாது. ஃபெஸன்ட் என்ற காட்டுக்கோழி இனப் பறவையின் வால் இறகு இழைகள் நான்கு, மெல்லிய செம்புக் கம்பி கொஞ்சம், அவ்வளவுதான். கம்பியே நூலாகிறது, கம்பியே எடையாகிறது, இழைகளின் இடையே தெரியும் கம்பியே பளபளப்பும் தருகிறது. ஒரே பொருளுக்கு மூன்று வேலை! பட்டறையில் காலம் கழித்த என் போன்றவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போவதில் வியப்பில்லை. கால்களைக் காட்ட இறகு சுற்றுவதும் இல்லை. நீந்தும்போது நிம்ஃப் கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் என்பதைச் சாயர் கவனித்திருந்தார்.

மோட்டார் சுருள் கட்டும் கடைகளில் 38 கேஜ் எனாமல் கம்பி கேளுங்கள். அதன் கனம் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். முள் 14 அல்லது 16-ஆம் எண். கம்பி கேஜைப் போலவே இதிலும் எண் கூடக்கூட அளவு சிறியதாகும். இனிச் செய்முறை:

1. முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டு, முள்ளை வைஸில் பிடித்துக்கொள்ளவும்.

2. கண்ணுக்குச் சற்றுப் பின்னிருந்து வளைவு வரை கம்பியை நெருக்கமாகச் சுற்றவும். கண்ணுக்குப் பின்புறம், தண்டின் முன் பாகத்தில் மேலும் சில சுற்றுகள் சுற்றி மேடாக்கவும். இது பூச்சியின் மார்பு. பிறகு கம்பியை மீண்டும் வளைவுக்குக் கொண்டுவரவும்.

3. நான்கு இழைகளின் நுனி 3 மில்லிமீட்டர் வெளியே நிற்குமாறு வளைவில் கட்டவும். இது வால்.

4. இழைகளைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி, இரண்டையும் ஒன்றாகக் கண் வரை சுற்றவும். முறுக்கினால்தான் மீனின் பல் பட்டு இழை அறாது.

5. கம்பியைத் தனியே பிரித்து மார்பின் பின்புறம் கொண்டுவரவும். இழைகளை மார்பின் மேல் பின்னோக்கி மடித்துக் கட்டவும். கம்பியை முன்னால் கொண்டுபோய், இழைகளையும் முன்னோக்கி மடித்துக் கட்டி, மிச்சத்தை வெட்டவும். கம்பியில் இரண்டு முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது.

நம் ஆறுகளுக்கு ஏற்ப

முதல் மாற்றம் இறகில். நம் மலைகளில் வாழும் மோனால் போன்ற ஃபெஸன்ட் இனங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. யாராவது அவற்றின் இறகை விற்க வந்தால் வாங்கவே கூடாது. நாம் ஒன்று வாங்கினால் அங்கே இன்னொரு பறவைக்குக் கண்ணி வைக்கப்படும். வளர்ப்பு வான்கோழியின் பழுப்பு வால் இறகு இதற்கு நல்ல மாற்று. தானாக உதிர்ந்த மயில்தோகையின் இழையும் அருமையாகப் பொருந்தும். அதன் பச்சை கலந்த மினுமினுப்பை டிரவுட் விரும்புகிறது. அந்த இழை மென்மையானது என்பதால் கம்பியோடு முறுக்குவது கட்டாயம்.

இரண்டாவது எடை. சாயரின் ஏவன் ஆறு தெளிவாக, நிதானமாக ஓடுவது. தீர்த்தன் போன்ற மலையாறு பாறைகளுக்கிடையே பாய்ந்து வருவது. அங்கே லேசான நிம்ஃப் அடிமட்டம் சேருமுன் மீனைத் தாண்டிப் போய்விடும். ஆகவே மார்பில் கம்பியை இன்னொரு அடுக்கு சுற்றலாம், அல்லது டங்ஸ்டன் மணி ஒன்றைக் கோக்கலாம். டங்ஸ்டனின் அடர்த்தி செம்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஈயம் நஞ்சு, ஆற்றில் அறுந்து தங்கிவிடும் பொருளுக்கு அது வேண்டாம். உடலை மெலிதாக வைத்தாலும் வேகமாக மூழ்கும்.

மூன்றாவது நிறமும் உருவமும். வீசுவதற்கு முன் ஆழமில்லாத இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். வேகநீரில் கல்லோடு ஒட்டி வாழும் நிம்ஃப் தட்டையாக இருக்கும். அப்படியானால் மார்பைக் குறட்டால் லேசாக அமுக்கிவிடலாம். பார்த்த நிறத்துக்கு ஏற்ப இழையைத் தேர்ந்தெடுக்கலாம். பார்த்த பின் கல்லை அதே இடத்தில் வைத்துவிட வேண்டும்.

நீரோட்டத்துக்கு எதிராக, மேற்புறம் நோக்கி வீசி, நிம்ஃபை இயல்பாக மிதந்து வரவிடுங்கள். மீன் இருக்குமிடம் நெருங்கும்போது கோலின் நுனியை மெதுவாக உயர்த்தினால், நிஜப் பூச்சி எழுவதுபோல் நிம்ஃபும் எழும். மீன் கவ்வும் தருணம் அதுதான். நரம்பு சட்டென்று நின்றாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே உயர்த்த வேண்டும்.

புழுவை மீன் தொண்டை வரை விழுங்கிவிடும். நிம்ஃப் பெரும்பாலும் உதட்டில்தான் மாட்டும். எதிர்முள் நசுக்கிய முள்ளாக இருந்தால், ஈரக் கையால் மீனைப் பிடித்து, காயமில்லாமல் திரும்ப விட்டுவிடலாம். மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு அவசியம். ஹிமாசலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி இறுதி வரை டிரவுட் பிடிக்கத் தடை உண்டு. அது மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிம்ஃப்கள் மாசையும் சேற்றையும் தாங்காதவை. சாலை வெட்டும் மண்ணும் கட்டட இடிபாடும் ஆற்றில் கொட்டப்பட்டால், வண்டல் கல்லிடுக்குகளை அடைத்துவிடும். முதலில் பூச்சி போகும், பிறகு மீன் போகும். நீர் மேலுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும், புரட்டிய கல்லில் ஒரு நிம்ஃப்கூட இல்லை என்றால், அந்த ஆற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். தூண்டில் போடாதவர்களும் அடுத்த முறை மலைக்குப் போகும்போது ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். அதற்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை.